ஓகஸ்ட் வரை எவரும் எடுக்காத ஆட்டக்காரன்

இவ்வளவு நன்றாக விளையாடுகிற ஒருவனை ஓகஸ்ட் மாதம் வரைக்கும் ஏன் எவரும் எடுக்கவில்லை? அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் அவன் பந்தைக் கூடைக்குள் போடுகிற காணொளியைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

நான் ஏன் அந்தக் கூட்டத்தில் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூடைப்பந்துக் கழகம். சின்னது என்றாலும் நாட்டின் மேல்பிரிவில் ஆடுகிறது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு, மற்ற எல்லோருக்கும் டுக்னாட்தான். டுக்னாட் என்றால் கூலி இல்லாமல் எல்லோரும் கூடிச் செய்கிற வேலை. இந்த நாட்டில் அதற்கு முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொன்ன ஒருவரை நான் இன்னும் காணவில்லை. என் மகள் அங்கே விளையாடிய காலத்தில் நான் வாஃபிள் சுடப் போனேன். ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவில் தாதியாக இருக்கிறேன் என்று தெரிந்ததும் என்னை வாஃபிள் மேசையிலிருந்து கிளப்பிக்கொண்டுபோய் நிர்வாகக் குழுவில் இருத்திவிட்டார்கள். மகள் விளையாட்டை விட்டுப் படிக்கப் போய்விட்டாள். நான்தான் மாட்டுப்பட்டுப்போனேன்.

எங்களைப் போன்ற கழகங்கள் ஒவ்வொரு கோடையிலும் ஒன்றிரண்டு அமெரிக்கர்களை எடுக்கும். ஒப்பந்தம் முடிந்து, எந்தக் கழகத்தையும் சேராமல் நிற்கிறவர்களை. நல்ல ஆட்டக்காரர்கள் ஓகஸ்டுக்கு முதலே எடுபட்டுவிடுவார்கள். அவர்களைப் பற்றி நாங்கள் விசாரிக்கிற விசாரணை இருக்கிறதே! முழங்கால் எப்படி, வாய் எப்படி, போன கழகத்தில் சண்டை பிடித்தானா, குளிரைத் தாங்குவானா, நத்தார் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் திரும்பி வருவானா. என் கணவர் ஒருநாள் கேட்டுவிட்டுச் சிரித்தார்: “உங்கடை ஆக்கள் விளையாட ஆள் எடுக்கினமோ, மாப்பிள்ளை பாக்கினமோ?”

இவனைப் பற்றி விசாரித்ததில் ஒரு குறையும் வரவில்லை. போன கழகம், சொந்தக் காரணத்தால் பிரிந்தோம் என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன சொந்தக் காரணம் என்று நான் கேட்டேன். எங்கள் பயிற்சியாளர் பால்கன் பக்கத்து மனிதர், அரைகுறை நொஸ்க் மொழியில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகக் கதைப்பவர். குறையில்லாதவன் எங்களைப் போன்ற கழகத்துக்கு ஏன் வருகிறான், குறை எது என்று தெரிந்தால் போதும் என்றார். அது சரியான பேச்சு என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் குறை எது என்று அவருக்கும் தெரியாது. தலைவர், வேலையால் காப்புறுதிக்காரர். மருத்துவச் சோதனை சரியென்றால் கையெழுத்து என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, இனி ஆபத்தில்லை என்றார். அடுத்த நாளே அவனுடைய படம் கழகத்தின் இணையப் பக்கத்தில் ஏறிவிட்டது.

அவன் வந்து இறங்கினான். தலைவர் வீட்டு நிலக்கீழ் அறையில் தங்கவைத்தார்கள். பயிற்சியில் அவனைப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. மற்றவர்கள் ஓடிப்போய் நிற்கிற இடத்துக்கு அவன் நடந்துபோய் முதலே நின்றான். கண்ணியமான பிள்ளை. எனக்கு ‘மேம்’ போடாமல் வாய் திறக்கமாட்டான். அவன் கதைத்தது ஆங்கிலம்தான், என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

சோதனைக்கு இன்னும் சில நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்லோவில் ஒரு கடையும் திறந்திராது, ஒரு நாய் குரைக்கிற சத்தமும் வராது. அந்தப் பிள்ளை நிலக்கீழ் அறையில் தனியாகக் கிடக்கிறானே என்று என் மனம் கேட்கவில்லை. ஒஸ்லோவுக்கு அருகே லோறென்ஸ்கூக்கில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் கணவர் குசினிக்குள் வந்து மெதுவாகச் சொன்னார். ஊரில் சம்பந்தம் பேசப் போனால், முடிவு சொல்லுகிற வரைக்கும் அந்த வீட்டில் ஒருவரும் கைநனைக்க மாட்டார்கள், நீ சோதனைக்கு முதலே சோறு போடுகிறாய் என்று. நான் அவரைப் போய்த் தேங்காய் திருவச் சொன்னேன்.

புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்தேன். உறைப்பில் மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டான். தாயை வீடியோவில் கூப்பிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைக் காட்டினான். அந்த மனுசி என்னைக் கும்பிடாத குறையாக நன்றி சொன்னாள். கை கழுவிவிட்டு வந்து, கதிரையில் சாய்ந்து, வயிறு நிறைந்த ஒருவன் கதைக்கிற மாதிரித்தான் அவன் அதைச் சொன்னான். போன கழகத்தில் ஒருநாள் பயிற்சியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டானாம். கண் முழித்தபோது எல்லோரும் சுற்றி நின்றார்களாம். சரியான வெக்கை, காலையில் சாப்பிடவுமில்லை என்று சிரித்தான். அங்கிருந்த டொக்டர் இதயத்தை ஸ்கான் எடுக்க வேண்டும் என்றாராம். அதற்கு முதலே ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், வந்துவிட்டானாம்.

வெயிலில் மயங்கி விழுகிறவர்கள் கொஞ்சம் தள்ளாடித்தான் விழுவார்கள். ஓடுகிறவன் ஓடுகிறபடியே விழுந்தான் என்றால் என் பிரிவில் நாங்கள் வேறு மாதிரி யோசிப்போம். ஆனால் அவன் அதை ஒரு தாதிக்குச் சொல்லவில்லை, கழகத்து ஆளுக்கும் சொல்லவில்லை. சோறு போட்டவளுக்குச் சொன்னான். கணவர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கைநனைத்த பிறகு, விசாரிக்கிற ஆளாகவும் இருக்க முடியாது, சொந்தமாகவும் இருக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் நின்று அந்தரப்பட்டேன்.

சோதனை நாளன்று டொக்டரின் அறைக்கு வெளியே நடைபாதையில் அவனை மறித்தேன். “விழுந்ததை நீ டொக்டரிட்டைச் சொல்லு. நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்,” என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கோபம் இல்லை. தன்னை வீட்டுக்குள் விட்ட ஆளைப் புதிதாகப் பார்க்கிற பார்வை. உள்ளே போனான், சொன்னான்.

அந்த டொக்டரும் எங்கள் கழகத்துக்கு டுக்னாட் செய்கிறவர்தான். கெதியாக முடிக்க வந்தவர், அதைக் கேட்டதும் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஸ்கானில் இதயத்தின் சுவர் ஓரிடத்தில் தடித்திருந்தது. இதில் ஒரு சனியன் என்னவென்றால், கடும் பயிற்சி செய்கிறவர்களுக்கும் இதயம் தடிக்கும், அது நோயில்லை. பிறப்பிலேயே வருகிற நோயாலும் தடிக்கும், அதில் ஆடுகிறவன் ஆடுகளத்திலேயே போய்விடலாம். இவனுடையது இரண்டுக்கும் நடுவில் நின்றது. சில மாதம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடியும் பார்ப்போம், தடிப்புக் குறைந்தால் பயிற்சியால் வந்தது, குறையாவிட்டால் விளையாட்டே வேண்டாம் என்றார் டொக்டர். நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. சில மாதம் என்றால் அவனுக்கு ஒரு சீசன் போய்விட்டது.

அவன் சம்மதத்தோடுதான் விஷயம் நிர்வாகக் குழுவுக்கு வந்தது. தன் பொறுப்பில் விளையாடுகிறேன் என்று அவனிடம் எழுதி வாங்கினால் என்ன என்று ஒருவர் கேட்டார். எனக்கு விசர் வந்துவிட்டது. ஆள் செத்த பிறகு அந்தப் பேப்பரையா விளையாட விடப்போகிறீர்கள் என்று கத்திவிட்டேன். இந்த ஊரில் கூட்டத்தில் கத்துகிறவள் பாதி தோற்றவள். அதற்குப் பிறகு நான் ஒன்று கேட்டேன், தாழ்மையாகவே கேட்டேன். அவனைச் சம்பளத்தோடு வைத்திருப்போம், ஓய்வெடுக்கட்டும், இரண்டாம் சோதனை வரை பொறுப்போம். அவ்வளவு திறமையை நம்பித்தானே கூட்டிவந்தோம், கொஞ்சம் ஆபத்தை நாங்களும் தாங்கினால் என்ன?

ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே சொல்லமாட்டார்கள். மேசையைப் பார்த்துக்கொண்டு கோப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் மட்டும், அவன் இடத்துக்கு வேறு ஆள் எடுக்காவிட்டால் கீழ்ப்பிரிவுக்குப் போய்விடுவோம் என்றார். அதுவும் பொய்யில்லை. கடைசியில் தலைவர், அப்படியென்றால் எல்லோரும் ஒரே கருத்தில் இருக்கிறோம் என்று சொல்லி முடித்தார்.

அவனிடம் போய்ச் சொல்லுகிற வேலையையும் என் தலையில்தான் கட்டினார்கள். ட்ராம் தரிப்பிடத்தில் நின்று சொன்னேன். நல்ல வெயில் அன்றைக்கு. ஓய்வெடு, உயிர் இருந்தால் எல்லாம் இருக்கும் என்று நான் பெரிய மனுசி மாதிரி ஏதோ அளந்தேன். அவன் அமைதியாகக் கேட்டான், எங்கே இருந்து ஓய்வெடுக்கிறது மேம் என்று. ஒப்பந்தம் இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க அனுமதி இல்லை. ஊரில் அவன் அனுப்புகிறதில்தான் தாய் இருக்கிறாள். எங்கள் வீட்டில் வந்து இரு என்று வாய்வரைக்கும் வந்தது. அது நடக்காத காரியம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இரண்டு கிழமை கழித்து இந்த நாட்டின் மேற்குக் கரையில் இருக்கிற கழகம் ஒன்றிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. அவனை எடுக்க நினைக்கிறார்களாம், நாங்கள் ஏன் விட்டோம் என்று அறிய வேண்டுமாம். ஒருவரின் நோயைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது, அது சட்டம். நான் ஒரேயொரு வசனம்தான் சொன்னேன். எங்கள் ஆட்டக்காரர் எல்லோருக்கும் நாங்கள் இதயத்தை ஸ்கான் எடுப்போம், நீங்களும் எடுங்கள். நன்றி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். அவனை அவர்கள் எடுக்கவில்லை, ஸ்கானும் எடுக்கவில்லை.

மறுபடியும் கேட்டாலும் அதே வசனத்தைத்தான் சொல்லுவேன். அதுதான் எனக்கு ஆத்திரம். பிழை செய்திருந்தால் மன்னிப்பாவது கேட்கலாம்.

பிறகு அவன் தெற்கே தூரத்தில் ஒரு நாட்டுக்கு, நாங்கள் பெயரே கேள்விப்படாத கழகமொன்றுக்குப் போய்விட்டான். அங்கே ஸ்கானாவது ஒன்றாவது. ஆபத்தைத் தவிர்த்துவிட்டோம் என்று எங்கள் தலைவர் ஆண்டுக் கூட்டத்தில் சொன்னார். எங்கே தவிர்த்தது? தூக்கி அடுத்த வீட்டு வளவுக்குள் போட்டோம், அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் அந்தக் கழகத்தின் ஆட்ட முடிவுகளை இணையத்தில் தேடுகிறேன். அவன் பெயருக்கு நேரே எண் இருந்தால் மூச்சு விடுகிறேன். எத்தனை புள்ளி என்பது எனக்கு முக்கியமில்லை, ஒன்று இருந்தால் போதும்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை அவன் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. யோசிக்காமல் அழைத்துவிட்டேன். எடுத்தான்.

“கணுக்கால் பிரண்டுபோச்சு, மேம். வேறை ஒண்டுமில்லை,” என்றான். பிறகு, “இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறீங்களோ?” என்று கேட்டான்.

ஓம் என்றேன். அங்கே டொக்டரிடம் போனாயா என்றும் கேட்டேன், வாய் சும்மா இருந்தால்தானே.

“இஞ்சை ஒருத்தரும் அதைக் கேக்கிறேல்லை. அதாலைதான் இஞ்சை இருக்கிறன்.” அதோடு விடவில்லை. “நான் விழுந்தாத்தானே மேம் நீங்கள் சொன்னது சரியாகும். அதுக்கோ பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்?”

அவன் மரியாதையாக வைக்கிறேன் மேம் என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை அவன் ஆடியிருந்தான். இரு பக்கத்திலும் அவன்தான் அதிகம் போட்டவன். என் கணவர் பின்னால் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருக்கும் சந்தோசம்தான். “பாத்தீரோ? சும்மா பயந்து சாகிறீர். ஒண்டும் நடக்கேல்லையே,” என்றார்.

“இந்தக் கிழமை நடக்கேல்லை,” என்றேன்.

சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தப் பிள்ளை கேட்டது என் முன்னால் வந்து நின்றது. கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, தேத்தண்ணி போடவா என்று கேட்டுக்கொண்டு குசினிக்குள் போனார். நான் அவன் பெயருக்கு நேரே இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.