மேடைக்கு வராத முதலை

ஆறு சனிக்கிழமை இம்மாகுலேற் முதலை வேசம் கட்டினா. ஆறு சனிக்கிழமையும் ஒரு பிள்ளையின்ர கண்ணிலயும் படாமல் வேசத்தைக் கழட்டினா. லண்டனில எங்கட சனம் சிறுவர் நாடகம் போடுற லட்சணம் இதுதான்.

தொண்ணூற்றோராம் ஆண்டு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் வழிய கொண்டுபோய்ப் போடுறதெண்டு யோகலிங்கம் ஒரு நாடகம் எழுதினார். பல்லு வலிச்ச முதலையின்ர கதை. அதின்ர வாய்க்குள்ள ஆர் கையை விட்டுப் பல்லைப் புடுங்குறதெண்டு ஊரெல்லாம் கூடி மூண்டு காட்சிக்குச் சண்டை பிடிக்கும். நாலாம் காட்சியிலதான் முதலை வரும். இம்மாகுலேற் அந்த முதலை.

நாலாம் காட்சி வந்தால்தானே! மண்டபம் ஆறு மணி வரைக்கும்தான். நாலு மணிக்கெண்டால் எங்கட ஆக்கள் நாலே முக்காலுக்கு வருவினம். பிறகு மங்கள விளக்கு. அதை ஏத்த அஞ்சு சோடி. ஒரு சோடியைக் கூப்பிட மறந்தால் அவை கோவிச்சுக்கொண்டு போய் வேற சங்கம் தொடங்கிவிடுவினம். பிறகு வரவேற்புரை, ஆசியுரை, பொன்னாடை. கடைசியாய்ச் சங்கத் தலைவர் தில்லையம்பலம். ஹரோவில பெரிய வீடு, அதைவிடப் பெரிய வாய். ஏழு வயதுப் பிள்ளையளுக்கு முன்னால நிண்டு "சிறுவர் நாடகத்தின் அவசியம்" பற்றி முழங்குவார். முழங்கின கையோட பின்னுக்குப் போய்த் தேத்தண்ணியும் றோல்ஸும். மனுசன் நாடகத்தை ஒருநாளும் பாத்ததில்லை.

இம்மாகுலேற்றுக்கு வயிறெரிஞ்சுது. எரியாதே பின்னை? வேலை ஆசுப்பத்திரி லோண்டரியில, துணி தோய்க்கிறது. சனிக்கிழமை ஷிப்டை மாத்தி ஞாயிற்றுக்கிழமை செய்ததால ஆறு கிழமையாய்ப் பூசை காணேல்லை. பச்சைத் திரைச்சீலையில உடம்பு தைச்சு, முட்டைப் பெட்டியளை வெட்டி முதுகில ஒட்டினதும் அவதான். டூட்டிங் மண்டபத்தில அந்தக் கோலத்தோட ஒண்டரை மணித்தியாலம் டொய்லெற் வாசலில நிண்டா. வீட்டை போனால் புருசன் பெனடிக்ற், "என்ன நடிகை, இண்டைக்காவது சனம் கண்டதோ?" எண்டு இளிப்பார். அவவுக்கு அழுகையும் கோவமும் ஒண்டாய் வரும். ஒரேயொருக்கால் பிள்ளையள் தன்னைக் கண்டு கத்திச் சிரிக்கிறதைக் கேக்கவேணும், அவ்வளவுதான் அவவின்ர ஆசை.

ஏழாவதும் கடைசியுமான நாடகம் லூயிஷாமில. இனி ஷிப்ட் மாத்த ஏலாதெண்டு சூப்பர்வைசர் சொல்லிப்போட்டாள். இண்டைக்கு விட்டால் விட்டதுதான்.

தில்லையம்பலம் மைக்கைப் பிடிக்கேக்க மணி அஞ்சரை. அஞ்சு அம்பதுக்கும் பிடிச்ச பிடி விடேல்லை. மண்டபத்துக் கெயார்டேக்கர் கதவைப் பூட்டத் திறப்புக் கோர்வையைக் கிலுக்கிக்கொண்டு வாசலில நிக்கிறான். பாதிப் பிள்ளையள் நித்திரை, மீதி ஒண்டையொண்டு கிள்ளுதுகள்.

"நேரம் காணாது அக்கா. மேலோட்டமாய் ஒரு காட்சி போட்டு முடிப்பம்," எண்டார் யோகலிங்கம்.

"நீங்கள் முடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. நான் போறன்."

"எங்க?"

"மேடைக்கு."

அவர் மறிக்கமுந்தி வாலை இழுத்துக்கொண்டு ஏறிவிட்டா. தலைவருக்குப் பக்கத்தில போய், ரண்டு கையாலயும் முதலை வாயை ஆவெண்டு பிளந்து, இத்தனை கிழமையாய் நெஞ்சுக்குள்ள கிடந்த வசனத்தைக் குளறினா: "ஐயோ! என்ர பல்லு! ஆராவது புடுங்குங்கோவன்!"

நித்திரையில கிடந்ததுகளும் எழும்பிக் கதிரையில ஏறி நிண்டுதுகள். முன்வரிசையில ஒரு சின்னப் பெட்டை கையை நீட்டி, "அந்த அங்கிள் புடுங்குவார்!" எண்டாள். அவ்வளவுதான், மண்டபம் முழுக்க ஒரே சத்தம்: "அங்கிள் புடுங்குங்கோ! அங்கிள் புடுங்குங்கோ!"

தில்லையம்பலத்துக்கு முழி பிதுங்கிச்சுது. ஒத்திகையை ஒருக்காலெண்டாலும் பாத்திருந்தால் அந்தப் பல்லு வெறும் ஸ்பொஞ் எண்டு தெரிஞ்சிருக்கும். பொன்னாடை சரிய, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை உள்ள விட்டார். பல்லு கையோட வந்துது. பிள்ளையள் சிரிச்ச சிரிப்பில கெயார்டேக்கரும் சிரிச்சுப்போட்டான். முதலைத் தலைக்குள்ள இம்மாகுலேற் அழுதா. சந்தோசத்திலதான்.

அடுத்த மாதம் சங்கப் பத்திரிகையில செய்தி வந்துது: "தலைவரின் நடிப்பாற்றல் கண்டு சிறுவர்கள் ஆரவாரித்தனர்." முதலையின்ர பேரை மருந்துக்கும் காணேல்லை. வெக்கங்கெட்ட சனம்!

அதோட விட்டுதே? அடுத்த வருசம் பல்லுப் புடுங்குற வேசம் தனக்குத்தான் வேணுமெண்டு தலைவர் ஒற்றைக்காலில நிண்டார். கலை தன்ர ரத்தத்தில ஊறினதாம். அதுக்குள்ள இம்மாகுலேற் சனிக்கிழமை லீவு கிடைக்கிற வேலைக்கு மாறியிருந்தா. யோகலிங்கம் தலையைச் சொறிஞ்சுகொண்டு வந்து கேட்டார்: "அவரோட நடிப்பியளோ அக்கா?"

"ஓம், தாராளமாய் வரட்டும்," எண்டா இம்மாகுலேற். "பேச்சை மட்டும் வீட்டை வைச்சிட்டு வரச்சொல்லுங்கோ. இல்லாட்டி, உள்ள விட்ட கையைத் திருப்பிக் குடுக்கமாட்டன்."