பூசணிக்கொடிக்குப் போர்த்திய படுதா

மார்கழி பிறந்தால் எங்கள் தெருவில் கோலத்தின் நடுவே சாண உருண்டை வைத்து, அதில் பூசணிப்பூ செருகுவோம். பூ வைத்த வாசல் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு என்று ஒரு பேச்சு உண்டு. என் மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போன வருஷம் அது. பூவுக்கென்றே கொல்லையில் ஒரு கொடி போட்டிருந்தேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் பனி கட்டியாக உறைகிற ஊர் இல்லை. ஆனாலும் அந்த மார்கழியில் மலைமேல் இருப்பது போலக் குளிர்ந்தது. கொடியின் குருத்து ஓரம் கருக ஆரம்பித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீடு என் கொழுந்தனுடையது. அவர் மனைவிக்கும் கல்யாண வயதில் ஒரு பெண். கொழுந்தன் மனைவியின் கொடியோ மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஏறி, ஒரு இலை வாடாமல் தினம் பூத்தது. கொசுவுக்காக அவள் போடும் புகைமூட்டம் கூரையைக் கதகதப்பாக வைத்திருந்தது. எங்களிடம் மாடு இல்லை. சாணத்துக்கே அவளிடம்தான் போய் நிற்க வேண்டும்.

கொட்டகையை நான் வெறித்துக்கொண்டிருப்பதை என் மகள் பார்த்துவிட்டாள்.

"இவ்வளவு பார்த்தும் அந்தக் கொடி கருகலைன்னா, உன் கண்ணுக்குப் பவரே இல்லம்மா."

"வாயை மூடுடி. உனக்காகத்தான் இத்தனையும்."

"பூவைப் பார்த்தா இப்பப் பொண்ணு கேக்க வர்றாங்க? எல்லாம் போன்லதான்."

"போன்லதான் ரெண்டு வருஷமா பார்க்குறோமே!"

அன்று சாயங்காலம் நெல் காயவைக்கிற படுதாவை எடுத்துக் கொடிமேல் போர்த்தினேன். துளிப் பனி இறங்கக் கூடாதென்று சுற்றிலும் செங்கல் வைத்தேன். காலையில் பனிமூட்டம் கலையவில்லை. எடுத்தால் குளிர் அடித்துவிடுமோ என்ற பயத்தில், வெயில் சுள்ளென்று ஏறும்வரை திறக்கவில்லை. திறந்தபோது உள்ளே அடுப்படி மாதிரி ஆவி. மொட்டெல்லாம் வெந்த கீரையாய்க் கிடந்தன. பனி கூட ஓரத்தைத்தான் கருக்கியிருந்தது.

மறுநாள் விடிகாலை கொழுந்தன் மனைவி என் வாசலுக்கே வந்தாள்.

"அக்கா, எனக்கு நாலு பூத்திருக்கு. ஒண்ணு வச்சுக்குங்க."

"வேணாம்மா. எங்க கொடியிலயும் மொட்டு இருக்கு."

"எங்க இருக்கு?" என்று கேட்டபடியே என் மகள் அதை வாங்கினாள். "குடுங்க சித்தி" என்று எங்கள் சாண உருண்டையில் செருகியும் விட்டாள். என்னால் பிடுங்கவும் முடியவில்லை, பார்க்கவும் சகிக்கவில்லை.

அவள் வாசலில் மூன்று. என் வாசலில் ஒன்று, அதுவும் அவள் கொடுத்தது. பூ வாடித் தலை சாயும்வரை ஜன்னலோரமே நின்றேன். தெருவில் போகிறவர்கள் எந்த வாசலைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. பால்காரர் ஒருவர்தான் பார்த்தார். அதுவும் அவள் வாசலை.