மீனு தலைக்குக் குளிக்கும் நாள்

குளித்துவிட்டு வந்ததும் மீனு ஒவ்வொரு சடையாகத் தூக்கி முகர்ந்து பார்ப்பாள். தோளில் ஒரு துண்டு, மடியில் ஒரு துண்டு. நுனியைப் பிழிவாள், மூக்கருகே கொண்டுபோவாள், விடுவாள், அடுத்ததை எடுப்பாள். பூனாவில், ஔந்துப் பக்கம் அவர்கள் வீட்டுப் பால்கனிக்குக் காலை வெயில் நன்றாக வரும். கீழே கார் துடைக்கிறவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே துடைத்த இடத்தையே துடைப்பான்.

"அத்தே, உள்ள தண்ணி நின்னா ஃபினிஷ். நாய்க்குட்டி ஸ்மெல் வரும்" என்பாள் என்னிடம்.

சடை என்பது நான் சொல்கிற பேர். அவள் லாக்ஸ் என்கிறாள். தலைமுடியைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, விளக்குத்திரி உருட்டுவதுபோல உருட்டிச் சிக்காக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற முடியைக் குரோஷா ஊசியால் உள்ளே இழுத்து இழுத்து இறுக்கியது. இடுப்பைத் தொடுகிறது. கழுவாத தலைதான் இப்படி ஆகும் என்று நான் நினைத்திருந்தேன். வந்து தங்கிப் பார்த்த பிறகு தெரிகிறது, சீவி முடிகிற தலையைவிட இதற்குப் பாடு அதிகம். வேர்ப்பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் விரலால் பிரித்துவிட வேண்டும். எண்ணெய் கூடினால் தூசி பிடித்துக்கொள்ளும். படுக்கும்போது வழுவழுப்பான துணிப்பைக்குள் எல்லாவற்றையும் திணித்துக் கட்டிக்கொள்வாள். மழைக்காலம் வந்துவிட்டால் வானத்தைப் பார்த்து, போனைப் பார்த்து, மறுபடி வானத்தைப் பார்த்துத்தான் தலையில் தண்ணீர் விடுவாள்.

மீனு என் தம்பி ரவிச்சந்திரனின் மகள். அவளுக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி, அது எங்கள் வழியில் வந்ததுதான். எங்கள் அம்மாவின் சித்தப்பா பிரமநாயகத்துக்கு அந்த முடி. அவர் மகள் கோமதிக்குக் கல்யாணத்தன்று தலை சீவியபோது சீப்பு உடைந்து, இரண்டு பல் கொண்டைக்குள்ளேயே நின்றுபோயிற்று. மாப்பிள்ளை வீட்டில் வைத்துத்தான் அதை எடுத்தார்கள். அப்புறம் எனக்கு வரவில்லை, தம்பிக்கு வரவில்லை. ஒரு தலைமுறையைத் தாண்டி நேரே பூனாவில் வந்து இறங்கிவிட்டது.

மீனுவின் அம்மா லலிதாவுக்கு நூல் பிடித்தாற்போல நேர் முடி. மகள் பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் காலையில் சீப்பும் அழுகையும்தான். வேலைக்குப் போனதும் மீனு மருந்து போட்டு முடியை நேராக்கிக்கொண்டாள், அது கொட்டிற்று. "நேரா வராதத ஏன் நேராக்கணும்?" என்று அன்றைக்குத் திரும்பியவள்தான். இப்போது அதுவே பிழைப்பு. ஹாலை ஒட்டிய அறையில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி. கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், டிரம் வாசிக்கிறவர்கள், காலேஜ் பெண்கள் என்று வருகிறார்கள். அனிருத் என்று ஒரு கோயம்புத்தூர்ப் பையன், அடுத்த மாதம் கோவா போவதற்குள் தோள்வரை வந்துவிடுமா என்று கேட்டான்.

"வெண்டைக்கா இல்லப்பா இது" என்றாள் மீனு.

லலிதா என் காதில் சொன்னாள்: "சிக்கெடுத்தே கை ஓஞ்சவ நான் மதினி. எம் மவ ஊரார் தலைக்கெல்லாம் சிக்குப் போடுதா."

வீடு கூட்ட வருகிறவள் பேர் ஷாலன். கசார்வாடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். முந்தானையைத் தலையோடு இறுக்கிச் சுற்றியிருப்பாள். கழுத்து எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று லலிதா தன் மராட்டியில் விளக்கம் சொன்னாள். தமிழும் இந்தியும் மராட்டியும் ஒரே பானையில் பொங்கிய மராட்டி அது.

"மாஜி முல்கிலா ஜடை ஆஹே. ரூம் நீட்டா ஜாடூ."

மகளுக்குச் சடை இருக்கிறது, முடி உதிர்ந்து கிடக்கும், நன்றாகக் கூட்டு என்று சொன்னதாக லலிதாவின் நினைப்பு. நமக்குப் பின்னலும் சடைதான், சிக்கும் சடைதான். மராட்டியில் ஜட என்றால் வேறே. எல்லம்மா தேவி வந்து தலையில் உட்கார, தானாகத் திரிந்த முடி அது. வெட்டக்கூடாது, தண்ணீர் படக்கூடாது. மீறினால் வீட்டில் ஓர் உயிருக்கு ஆகாது என்பார்கள். ஷாலன் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். மீனுவின் அறைக் கதவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கூட்டச் சொன்னா கும்பிடுதா மதினி, நான் என்னத்தச் சொல்லித் தொலைச்சேன்?" என்றாள் லலிதா.

அன்றிலிருந்து செவ்வாய், வெள்ளி தவறாமல் அறை வாசலில் மஞ்சளும் குங்குமமும். மீனு ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டி மராட்டியில் சொன்னாள்: "தேவி இல்ல மாவ்ஷி, நானே செஞ்சது." மாவ்ஷி என்றால் அங்கே சித்தி. ஷாலன் சிரித்தாள். அவள் சொன்னதை லலிதா எனக்குத் தமிழில் சொன்னாள்: "ஊசியை உங்க கையில குடுத்தது யாரு தாயி?" தாயி என்பது அங்கே அக்கா. மீனு ஊசியோடு உள்ளே போய்விட்டாள்.

ஒருநாள் ஷாலன் வாளியைத் தூக்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிமிர முடியவில்லை. முந்தானை சரிந்தது. அவள் தலையிலும் ஜட இருந்தது. தனித்தனிச் சடையாக இல்லை. தேனடை மாதிரி ஒரே பாளம், பிடரியிலிருந்து முதுகுவரை. பாரம் குறையாவிட்டால் கழுத்து எலும்பு தாங்காது, வீட்டு வேலை செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவளுக்கு ஒரே மகன், ரஞ்சன்காவில் ஃபேக்டரி வேலை. அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று தண்ணீர்கூட விட்டதில்லை.

மீனு கத்திரியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "வெட்டிரலாம் மாவ்ஷி, அஞ்சு நிமிஷம்."

கத்திரியைப் பார்த்ததும் ஷாலனுக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். மறுநாள் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை.

"கத்திரியக் காட்டினா நானும்தான் ஓடுவேன்" என்றாள் லலிதா.

மீனு அந்த வாரம் முழுக்க ஊசியைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தாள். "அவங்க தலை அத்தே. மத்லப்... அதாவது, என் தலையை எல்லாரும் இப்படித்தான வெட்டச் சொன்னாங்க? நானும் அதயே சொல்றேன்" என்றாள். பிறகு ஷாலனுக்குப் போன் போட்டு நெடுநேரம் பேசினாள். வெட்ட வேண்டாம். முதலில் தண்ணீர் விட்டு ஊறவைக்கலாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பாரத்தைக் குறைக்கலாம். எல்லாம் கேட்டுவிட்டு ஷாலன் போனை வைத்துவிட்டாள்.

நேற்று மீனு தலைக்குக் குளிக்கப் போகிற நேரத்துக்கு ஷாலன் வந்து குளியலறை வாசலில் நின்றாள். கழுத்து முன்னைவிடச் சாய்ந்திருந்தது. உள்ளே வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். லலிதா எனக்குச் சொன்னாள்: "உங்க தேவி, தண்ணி பட்டாக் கோவிச்சுக்க மாட்டாளான்னு கேக்கா."

பிறகு மகளிடம் தமிழில் தணிந்த குரலில், "மாட்டான்னு சொல்லிருட்டி. அவ கழுத்து நேராவட்டும்."

"பொய் சொல்ல மாட்டேம்மா."

"அப்பம் தேவி கீவி ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லு. மறுபடியும் ஓடட்டும்."

ஷாலனுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மீனு சடைகளை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, குழாயடியில் குனிந்து, தண்ணீர் மொண்ட குவளையை ஷாலன் பக்கம் நீட்டினாள்.

ஷாலன் குவளையை வாங்கினாள். வாய் எதையோ முணுமுணுத்தது. பிறகு மீனுவின் தலையில் ஊற்றினாள். ஒரே ஒரு குவளை.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள். "பாளா, ஜேவ்லாஸ் கா?" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். அது எனக்கே புரிந்தது. அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல். சாப்பிட்டாயிற்று, இதற்கா வேலை நேரத்தில் கூப்பிட்டாய் என்கிற மாதிரி ஒரு எரிச்சல் குரல். என்ன சாப்பிட்டாய் என்று மறுபடி கேட்டாள். அவன் சொல்லி முடிக்கிறவரைக்கும் கேட்டாள். பிறகு போனை வாஷிங் மெஷின்மேல் வைத்துவிட்டு, தலையில் சுற்றியிருந்த முந்தானையை அவிழ்க்க விரலை வைத்தாள்.

மீனு இன்னும் நிமிரவில்லை. சடையெல்லாம் சொட்டச் சொட்ட, கண்ணை மூடிக் குனிந்தபடியே, காலால் துழாவி, மூலையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை ஷாலன் பக்கமாக நகர்த்தினாள்.