பேட்ச் போட்ட மூன்றாம் நாள்

வ. புதுப்பட்டியில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள் ஞானபாக்கியம். தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு வந்து, ஒரு பேண்டேஜ் கம்பெனியின் கம்ப்யூட்டர் ரூமைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கட்டுத்துணியை அங்கே நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவார்கள். ஒரே தடவையில் வேகும் சரக்கு ஒரு லாட். ஒவ்வொரு லாட்டுக்கும் ஏறிய சூட்டை டெர்மினலில் அடித்தால், சர்வர் சரிபார்த்து 'பாஸ்' அல்லது 'பெயில்' என்று சீட்டு அச்சடிக்கும்.

இரண்டு டெர்மினலில் ஒரே சமயத்தில் அடித்தால் மட்டும் சர்வர் அப்படியே நின்றுவிடும். நிற்காமல் ஓட வழி செய்யச் சொல்லி, புரோகிராம் எழுதிய சென்னைக்காரர்களுக்கு மூன்று கடிதம் போட்டவள் அவள்தான். 1996 ஆகஸ்டில் ஃப்ளாப்பியில் ஒரு பேட்ச் வந்தது. புரோகிராமின் குறையைச் சரிசெய்யும் அந்தத் திருத்தத்தைச் செவ்வாய்க்கிழமை அவளே ஏற்றினாள். அதன்பின் சர்வர் ஒருமுறைகூட நிற்கவில்லை.

வியாழக்கிழமை காலை நீராவிப் பிரிவு சங்கையா ஒரு சீட்டோடு வந்தார்.

"ஏம்மா பாக்கியம், இந்த லாட்டு வேகும்போது எங்க பிரிவுல மட்டும் கரண்டு போயிருச்சு. பாதிச் சூடுகூட ஏறல. நாந்தான் அடிச்சேன். பாஸ்னு வந்திருக்கே?"

"தப்பா அடிச்சிருப்பீங்க அண்ணாச்சி."

"இல்லம்மா. ரெண்டு மட்டம் பாத்துத்தான் அடிச்சேன்."

சர்வர் தான் செய்வதையெல்லாம் மணி நிமிஷத்தோடு லாக் என்ற கோப்பில் எழுதிவைக்கும். அதைத் திறந்து செவ்வாயிலிருந்து வரிவரியாகப் படித்தாள். 10.42க்கு ஒரு வரி: பதிவு ஏற்கப்படவில்லை. அதே நிமிஷத்தில் அடுத்த வரி: சீட்டு அச்சடிக்கப்பட்டது. பதிவே ஆகாமல் எந்தச் சூட்டை வைத்துச் சீட்டுப் போட்டது? முந்தைய லாட்டின் சூட்டை வைத்து. முன்பெல்லாம், இரண்டு பேர் ஒரே சமயத்தில் அடிக்கும் இந்த இடத்தில்தான் சர்வர் நிற்கும். பேட்ச் அதை நிற்கவிடாமல் செய்திருந்தது. அவள் கேட்டதும் அதைத்தானே!

அப்படிப் பதினோரு இடங்கள் இருந்தன. கோடவுன் பதிவேட்டைப் பார்த்தாள். ஒன்பது லாட் உள்ளே இருந்தது, நிறுத்திவைத்துவிடலாம். இரண்டு காலையிலேயே மதுரைக்கு லாரி ஏறிவிட்டது.

அக்கா பரிபூரணத்துக்குப் பிரசவ ஆபரேஷன் செய்த இடம் சீழ் வைத்து, இருபது நாள் கிடந்தாள். அந்த வார்டின் வாடை இப்போது மூக்கில் அடித்தது.

மேனேஜர் ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார். "என்னம்மா பிரச்சனை? அணைச்சுப் போடு, சரியாயிரும்."

அணைத்துப் போட்டால் லாக் முதலிலிருந்து தொடங்கும். பழைய வரிகள் அழிந்துவிடும். அவளைத் தவிர அதைப் படிக்கிறவர் அந்தக் கம்பெனியில் கிடையாது. ஒரு நிமிஷம் அவள் விரல் சுவிட்ச் மேலேயே இருந்தது. பிறகு கையை இழுத்துக்கொண்டு, லாக் முழுவதையும் பிரிண்டருக்கு அனுப்பினாள்.

"சார், காலையில மதுரைக்குப் போன லாரிய நிறுத்தணும். புதுப் பேட்ச் வேகாத லாட்டுக்கும் பாஸ் போட்டிருக்கு."

"என்னம்மா சொல்லுத? யாரு போட்ட பேட்ச் இது?"

"நாந்தான் சார். கேட்டு வாங்குனதும் நாந்தான்."

அவர் முகம் இருண்டது. போனை எடுத்தார். மதுரையில் சரக்கு இறக்கும் லாரி ஷெட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்தார்கள். லாரி வந்துவிட்டது, சரக்கு இன்னும் இறங்கவில்லை என்றார்கள்.

சாயங்காலத்துக்குள் இரண்டு லாட்டும் திரும்பி வந்தன. நீராவிப் பெட்டியின் கருவி சூட்டைக் கோடாக வரைந்திருந்த காகிதங்களைச் சங்கையா எடுத்துப் பார்த்தார். ஒன்று நன்றாக வெந்திருந்தது. மற்றதில் கோடு பாதியிலேயே சரிந்திருந்தது.

"யம்மா, தப்பிச்சோம்," என்றார். அவளுக்கு அழுகை வந்தது.

பேட்ச்சை எடுத்துவிட்டுப் பழைய புரோகிராமையே திரும்ப ஏற்றினாள். வேலை போகவில்லை. ஆனால் ஒரு மாசம் கம்ப்யூட்டர் ரூம் சாவியை மேனேஜர் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். தினமும் அவரிடம் போய்க் கேட்டு வாங்கினாள்.

தீபாவளி கழிந்து புதுப் பேட்ச் வந்தது. பயத்தில் அதன் உறையைக்கூட அவள் ஒன்பது நாள் பிரிக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிவுகள் ஓடாதபோது, சங்கையாவை ஒரு டெர்மினலிலும் மேனேஜரை இன்னொன்றிலும் உட்காரவைத்து, வேண்டுமென்றே தப்பான சூட்டை ஒரே நேரத்தில் அடிக்கச் சொன்னாள். சர்வர் நிற்கவில்லை. இரண்டு சீட்டும் 'பெயில்' என்று வந்தன.