மருமகனின் மூச்சை எண்ணிய நிமிடம்

பிள்ளைகளே, உங்களை விட்டுவிட்டு நான் தனியாகப் போய்வந்த பயணத்தை எழுதுகிறேன். செல்வி அத்தையின் ஏழு மாதக் குழந்தைக்கு இருமல், இளைப்பு என்று தகவல் வந்ததும் கொழும்பிலிருந்து கிளம்பினேன்.

பதினொன்றரைக்கு ஹட்டனில் ரயிலைவிட்டு இறங்கினேன். மஸ்கெலியாவுக்கு இருபது கிலோமீற்றர். பஸ்ஸுக்கு நூற்றிருபது ரூபாய். வழியெல்லாம் பனிமூட்டம். நீர்த்தேக்கம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்புக்கு மேலே மட்டும் மிதந்துகொண்டிருந்தார்கள்.

ஒன்றரை மணிக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி. செல்வி வரிசையில் நின்றாள். குழந்தைக்கு மூன்று சுவெட்டர், மேலே கம்பளி.

"காலையிலேருந்து பால் குடிக்கலண்ணே. நெஞ்சுல கை வச்சுப் பாத்தேன், மூச்சு சாதாரணமாத்தான் இருக்கு."

மருந்து கொடுக்கும் மிஸ், சுவரில் ஒட்டியிருந்த வழிகாட்டித் தாளைப் பார்த்தார். இருமலோடு வரும் குழந்தைக்கு என்னென்ன செய்வது என்று படிப்படியாகச் சொல்லும் தாள் அது. மூச்சை எண்ண வேண்டுமாம். அதற்கென்று தந்த மணிக்கருவியில் பற்றரி இல்லை.

"நீங்க ஃபோன்ல மணியப் பாருங்கண்ணே," என்று சொல்லிவிட்டு, சுவெட்டர்களைக் கழற்றினார்.

வரிசையில் நின்ற ஒருத்தி பதறினாள். "ஐயோ மிஸ், இந்தப் பனியில புள்ளய உரிக்கிறீங்களே!"

"மூச்சு விடுறது புள்ளயா, சுவெட்டரா?" என்றார் மிஸ்.

வரிசையே சிரித்தது. மருமகன் வீறிட்டான். அவன் அடங்கும்வரை காத்திருந்தோம். பிறகு மிஸ் எண்ணத் தொடங்கினார். ஜன்னல் வழியாகப் பனி மெல்ல உள்ளே வந்தது. அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்கியது, சற்று நின்றது, மறுபடி ஓடியது.

"அரை நிமிஷம் ஆச்சு மிஸ். ரெண்டால பெருக்கிரலாம்," என்றேன்.

"கணக்கு வாத்தியார் வேல வேணாங்க. புள்ளைங்க ஒரே சீரா மூச்சு விடாதுங்க. முழு நிமிஷமும் வேணும். முதல்லருந்து பாருங்க."

ஐம்பத்தாறு. இந்த வயதில் ஐம்பதைத் தொட்டாலே நிமோனியாவாக எடுத்து மருந்து தொடங்கச் சொல்கிறது தாள்.

"ஊசி போட்டுருங்க மிஸ்," என்று செல்வி கெஞ்சினாள்.

"இதுக்கு வாயால குடுக்குற மருந்து போதும்னுதான் போட்டிருக்கு. ஆனா பால் குடிக்கணும். குடிக்கலன்னா தோட்டத்து லொறியக் கூப்பிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

செல்வி அவன் மூக்கைத் துடைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக உறிஞ்சும் சத்தம்.

"குடிக்கிறான்டி!" என்று முதலில் கத்தியது, பனிக்குப் பயந்த அதே வரிசைக்காரிதான்.

"பால் குடிக்கிறத நிப்பாட்டினா உடனே வரணும். இல்லாட்டி ரெண்டு நாள் கழிச்சுக் காட்டுங்க," என்று மருந்தைக் கையில் தந்தார் மிஸ்.

நம் வீட்டில் உங்களுக்கு இருமல் வந்தால் கடையில் போத்தலில் விற்கும் பாணி மருந்து வாங்கித் தந்ததோடு சரி. ஒருநாளும் சட்டையைத் தூக்கி உங்கள் நெஞ்சைப் பார்த்ததில்லை நான்.

நாலரைக்கு மஸ்கெலியா பஸ் தரிப்பிடத்தில் வேறு யாருமில்லை. சட்டையைத் தூக்கி, என் வயிற்றைப் பார்த்தே எண்ணிப் பழகினேன். பதினொன்றாவது மூச்சை எண்ணும்போது ஹட்டன் பஸ் ஹோர்ன் அடித்தது. நான் நிமிரவில்லை. நிமிடம் முடிந்தபோது பதினேழு. பஸ் பனிக்குள் போயிருந்தது.