மொனிட்டருக்குள் இல்லாத எழுத்து

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, அப்டன் பார்க்கில் என் மீன்கடையில் பாரை மீனின் தலையை வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ச்சங்கச் செயலாளர் குலம் அண்ணையின் மனைவி தொலைபேசியில் வந்தார். "தம்பி, இவர் மோசம் போயிட்டார்." கத்தி பலகையில் இறங்கி நின்றுவிட்டது. இறந்துபோன அந்த மனிதரை நான் ஒருமுறை இரத்தம் வர அடித்தவன். எனக்கு இதை எழுத என்ன உரிமை என்று கேட்பவர்கள் கடைசிவரை வாசிக்கட்டும்.

சங்கத்துக்கு இணையத்தில் ஓர் இடம் வேண்டுமென்று நான்கு வருடங்களுக்கு முன் கூடிய கூட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பொருளாளரான நான் ஒழுங்கான இணையத்தளம் கேட்டேன். நாங்கள் கொடுப்பதை ஒருவர் ஏற்றுவார், மற்றவர்கள் வாசித்துவிட்டுப் போவார்கள். அண்ணையோ, வாசிப்பவரும் கீழே கருத்து எழுதக்கூடிய வலைப்பதிவு, அதாவது புளொக் கேட்டார்.

"கடையெண்டா ஷட்டர் வேணும் அண்ணை," என்றேன்.

"சங்கம் உன்ர கடையே? இது சந்தையடா. சந்தைக்கு ஆரும் ஷட்டர் போடுறதே?"

முந்தின கூட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஒருவர் பின்வரிசையில் இருந்தார். அவர் காதில் 'புளொக்' மட்டுமே விழுந்தது; ஆளைத் தடுத்து வைக்கிற 'புளொக்' என்று எடுத்துக்கொண்டார். "ஆரை புளொக் பண்ணப் போறியள்? என்னையோ?" மடக்குக் கதிரை பறந்தது. தலைவரின் புருவம் பிளந்தது. மேசைக்கு அடியிலிருந்து அண்ணை சொன்னார்: "பாத்தியளே, எழுத இடமில்லாட்டி மனிசர் கதிரையாலைதான் கதைப்பினம்." அந்த ஒரு பேச்சில் அவர் வென்றார்.

அடுத்த வருடம் அந்த புளொக்கில் பெயரில்லாத ஒருவர் எழுதினார்: "அழுகின மீனுக்கு ஐஸ் போட்டு விக்கிறவர் எங்களுக்குப் பொருளாளர்." அந்த வாரம் என் கடையின் குளிர்பெட்டி பழுதாகியிருந்தது. சொன்னது பாதி உண்மை. அதனால்தான் முழுக் கோபம் வந்தது. பெயர் கெட்டால் மீன் வியாபாரி பிழைக்க முடியாது.

நேரே செவன் கிங்ஸில் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். "அதை அழியுங்கோ. அவனை புளொக் பண்ணுங்கோ."

"ஏலாது தம்பி. கீழை பதில் எழுது. ஒவ்வொருத்தனா புளொக் பண்ணினா கடைசியிலை நீயும் நானுந்தான் மிஞ்சுவம். பிறகு நான் உன்னையும் புளொக் பண்ணிப்போடுவன்."

கணினிக்கு முன்னால் இருந்தவரின் வாயில் குத்தினேன். இரண்டு பற்கள் விசைப்பலகையில் விழுந்தன. ஆத்திரம் அடங்காமல் அந்தப் பெரிய மொனிட்டரைத் தூக்கி நிலத்தில் அடித்தேன். கண்ணாடி அறை முழுவதும் சிதறியது. எழுத்து தொலைந்தது என்று உண்மையாகவே நம்பினேன்.

அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விரல்களுக்கு நடுவே இரத்தம் வழிந்தது. "மடையா, எழுத்து அதுக்குள்ளை இல்லை."

நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். படியில் விழுந்ததாகத் தாதியிடம் சொன்னார். திரும்பும்போது காரில், "இனி நான் கதைச்சா ஒருத்தருக்கும் விளங்காது. நீ எழுது," என்றார். மறுநாள் எழுதினேன்: "பெட்டி பழுதானது உண்மை. அந்த வாரம் மீன் வாங்கியவர்கள் வரவும், மாற்றித் தருகிறேன்." வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் விளைமீன் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அவர்தான் எழுதியவர் என்று எனக்குத் தெரியும்.

செத்தவீட்டில் அண்ணையின் மனைவி ஒரு துண்டுக் காகிதம் தந்தார். புளொக்கின் கடவுச்சொல், அண்ணையின் கையெழுத்தில். அவர் மறைந்த செய்தியை நானே அதில் போட்டேன். முதலில் வந்த கருத்து: "பிடிவாதக்காரன். என்ர மகளின்ர கலியாண வீட்டிலை சண்டை பிடிச்சவன். செத்தாப்போலை நல்லவனே?"

அழிக்கும் பொத்தானில் விரல் போனது. வலது கை விரல் முட்டியில் அண்ணையின் பல் கிழித்த தழும்பு இன்னும் வெள்ளையாக இருக்கிறது. விரலை எடுத்துவிட்டேன். அந்தக் கருத்து அங்கேதான் இருக்கிறது. கீழே பதில் எழுத இடமும் இருக்கிறது.