கதவில் வெட்டிய பட்டம்

என் அண்ணன் மனைவியின் வலக்கை விரல்கள் செத்துப்போனதற்கு நானே காரணம். தெரியாமல் நேர்ந்ததன்று. தெரிந்திருந்தது... தெரிந்திருந்தும் பேசியே மூடி மறைத்தேன்!

என்னை நீங்கள் மேடையில் பார்த்திருக்கலாம். பீளமேட்டில் படிக்கிறேன். கல்லூரிப் பேச்சு மன்றம் எனக்கு 'நாவேந்தன்' என்று பட்டம் தந்தது. எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் அந்தப் பக்கத்தை வெல்ல வைப்பேன். அந்தத் திறமைதான் இந்தக் குற்றத்தின் கருவி.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அன்னூரில் எங்கள் வீட்டின் முன்னறையில் அமர்ந்து, எம்பிராய்டரி இயந்திரங்களுக்கு டிசைன் வரைந்து கொடுப்பது அவர் தொழில். அதற்காகத்தான் அண்ணன் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். விற்றவர் காந்திபுரத்தில் கடை வைத்திருக்கும் இப்ராகிம் பாய். கம்ப்யூட்டர் பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த சிறு சீல் ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டி, "தம்பி, இதை மட்டும் பிரிச்சுறாதீங்க. பிரிச்சா வாரண்டி போயிரும்" என்றார்.

நான் பிரித்தேன். முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டி, கிழியாமல் உரித்து, மீண்டும் ஒட்டினேன்.

எதற்கு? பெட்டியின் பக்கக் கதவில் என் பட்டம் ஒளிர வேண்டும் என்பதற்கு! அதே மாடலில் இன்னொரு கதவை வரவழைத்தேன். பட்டறையில் கொடுத்து 'நாவேந்தன்' என்ற எழுத்துகளை லேசரில் வெட்டி, பவுடர் கோட்டிங் செய்து கருப்பாக்கினேன். எழுத்து விளிம்புகள் வெள்ளியாய் மின்னட்டும் என்று அங்கு மட்டும் பெயின்ட்டை நானே அரத்தால் ராவி எடுத்தேன். உள்ளே நீல விளக்குப் பட்டை, அதற்குத் தனி அடாப்டர், அதற்கு வீட்டு மின்சாரத்திலிருந்து ஒரு வயர். அசல் கதவைப் பரணில் பத்திரப்படுத்தினேன். வாரண்டி கேட்கும் நாள் வந்தால் மாட்டிக்கொள்ளலாமே... என்ன முன்யோசனை!

அந்த வயர் எழுத்துகளின் பின்னால், நான் ராவிய கூரான விளிம்பில் உரசிக்கொண்டே கிடந்தது.

பிறகு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது நங்கை சொன்னார்: "தம்பி, அந்த எழுத்துல கை பட்டாச் சுருக்குனு குத்துதுங்க. பாய் கடைல ஒருக்காக் காட்டிப்போட்டு வந்தரலாமுங்களா?"

காட்டினால்? சீல் வெளிப்படும். வாரண்டி போகும். அண்ணன் முன் நான் கூனிக்குறுகி நிற்பேன். அந்த ஒரு கணத்தில் என் நாக்கு எழுந்து நின்றுவிட்டது!

பேசினேன். நிலைமின்சாரம் என்றேன். காற்று காய்ந்துவிட்டால் கம்பளியில் பொறி பறப்பதில்லையா என்றேன். சீப்பு காகிதத்தை இழுப்பதில்லையா என்றேன். நூலோடும் துணியோடும் புழங்குகிறவர் உடம்பில் அது சேரத்தானே செய்யும் என்றேன். அண்ணன் சிரித்துவிட்டார்.

"ஏனம்மணி, கரன்டு உம்பட ஒடம்புல இருக்குதாமா! நாளைக்கு மோட்டாருக்கு உன்னையக் கொண்டுபோயி மாட்டிப்போடலாம். கரன்டு பில்லு மிச்சம்."

"போங்க... உங்களுக்கு எல்லாமே கேலிதான்" என்று நங்கையும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவீங்க. சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் அறியாமை என்று வாதாடியிருப்பேன். முடியவில்லை... அவர்கள் எழுந்து போனபின் டெஸ்டரை எடுத்து அந்த எழுத்தின் விளிம்பில் வைத்தேன். டெஸ்டருக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

எரிந்தது! என் இரு கண்களால் பார்த்தேன். இதை இதுவரை எவரிடமும் நான் சொன்னதில்லை.

ஒரு பிளக்கைப் பிடுங்கியிருந்தால் போதும். ஏன் பிடுங்கவில்லை? மறுநாள் மாலை மன்றத்து நண்பர்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. என் பெயர் ஒளிர்வதை அவர்கள் பார்த்துப் போகட்டும், பிறகு கழற்றிவிடலாம்... ஒரு நாள்தானே! ஒரு நாளில் என்ன ஆகிவிடும்?

மறுநாள் காலை நங்கை தரையைத் துடைத்துவிட்டு, வெறுங்காலோடு, மேசைக்கு அடியில் கிடந்த நூல்கண்டை எடுக்கக் குனிந்தார். கை கதவில் பட்டது. அவர் அலறவில்லை. நாற்காலி விழுந்த ஓசைதான் கேட்டது. அண்ணன் ஓடிப்போய் மெயினை அணைத்தார். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

உயிர் தப்பியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருகி, உணர்வை இழந்தன. மவுசைப் பிடித்தால் பிடித்திருப்பதே தெரிவதில்லை அவருக்கு. வந்துகொண்டிருந்த ஆர்டர்கள் வேறு கைகளுக்குப் போய்விட்டன.

அவரை மருத்துவமனையில் சேர்த்த அன்றே நான் வீட்டுக்குத் திரும்பி என்ன செய்தேன் தெரியுமா? வயரை உருவினேன். எழுத்துக் கதவைக் கழற்றினேன். பரணிலிருந்த அசல் கதவை மாட்டினேன். அண்ணன் அதைக் கவனித்துக் கேட்டபோது பதில் ஆயத்தமாக இருந்தது: "அது வெறும் அலங்காரம் அண்ணா. ஆனா அதைக் கண்டாப் போதும், வாரண்டி செல்லாதுன்னு சொல்லிக் கம்பெனிக்காரன் தப்பிச்சுக்குவான்." அண்ணன் நம்பினார். என் பேச்சை நம்பாதவர் எங்கள் வீட்டில் எவருமில்லை.

இப்ராகிம் பாய் மருத்துவமனைக்கு வந்தார். கையில் பழப்பை. கட்டிலருகே உட்காரக்கூட இல்லை. "எங்க கடைப் பொருளால இப்படி ஆயிப்போச்சேம்மா... நானே கையால மாட்டிக் குடுத்தது. எங்க தப்பு விட்டேன்னு யோசிச்சு யோசிச்சுத் தூக்கமே வரலைம்மா" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். அந்த அறையில் ஒரே ஒரு வாக்கியம் போதும்! ஆயிரம் பேர் நடுவே தடுமாறாத நாக்கு மூவர் முன்னால் ஏன் அசையவில்லை? கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்...

இப்போது அண்ணன் நுகர்வோர் நீதிமன்றத்தில் பாய் மீது வழக்குப் போட்டிருக்கிறார். வருகிற வாரம் விசாரணை. "வக்கீல் எதுக்குடா கண்ணு? நீ எந்திரிச்சு நின்னீன்னா எதிர்ல இருக்கறவன் வாயைத் தொறப்பானா? நீயே பேசிப்போடு" என்று என் தோளில் தட்டினார்.

நேற்று நங்கை என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, பாயை ரொம்ப வஞ்சு பேசிப்போடாதீங்க. கடையில்லீன்னா அவரு என்னுங்க பண்ணுவாரு? பாவமுங்க" என்றார். சரி என்று தலையசைத்தேன்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்லிவிட்டேன், அவர்களிடம் சொல்வேனா என்று கேட்காதீர்கள். ஏனென்றால், எழுதிக்கொண்டிருக்கும் இந்நேரத்திலேயே, கேளாமலே, அந்த உரையின் முதல் வாக்கியம் எனக்குள் வந்து நிற்கிறது... "மாண்புமிகு நடுவர்களே, உழைத்து உண்ட ஒரு பெண்ணின் கை இது!"

நல்ல தொடக்கம். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரிகிறது.